இரவல் பிள்ளைகள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் இரண்டு பெண்களையும் இரண்டு மணி நேரத்துக்கு இரவல் கொடுத்தேன். இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

எங்கள் வீட்டிலிருந்து எது வேண்டுமானாலும் இரவல் போகும். இட்லித் தட்டு, தேங்காய்த் துருவி, காப்பித்தூள், என் கணவர் வாசுதேவனின் கறுப்புக் கோட்டு எல்லாம் போயிருக்கின்றன. சிட்னிக்கு வெளியே பிளாக்டவுனில் இருக்கிற நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் இப்படித்தான் காலம் தள்ளுகிறோம். பிள்ளைகள் போனது அதுவே முதல் தடவை. பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். சின்னவளின் ஒரு சாக்ஸ் மட்டும் வரவில்லை.

எதற்காகக் கொடுத்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரவல் வாங்கிப் போனவர்கள் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு கணவனும் மனைவியும். இனி எப்போதுமே வேண்டாம் என்று கணவர் ஆபரேஷன் செய்துகொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் ஏற்கெனவே இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் டாக்டர் அதைச் செய்வார். அதனால் என் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

ஊரில் இருந்த காலத்தில் வார இதழ்களில் என்னுடைய மூன்று கதைகள் வந்திருக்கின்றன. நாலாவது திரும்பி வந்தது. முடிவு சரியில்லை என்று ஒரு சீட்டு இணைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணம், விமானம், பிள்ளைகள். எட்டு வருடம் கழித்து இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன். இது 1979 ஜூன். பெரியவள் வைதேகியின் பழைய பள்ளிக்கூட நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அடித்தது, விட்டது எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கப் போகிறேன். எதையும் மறைப்பதாக இல்லை.

2

முதல் தொடக்கம் இது:

"கமலினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு—"

நிறுத்திவிட்டேன். நான் எழுதிய எல்லாக் கதைகளிலும் பெண்கள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்க்கிறார்கள். பிள்ளைகளை இரவல் வாங்கிய கமலினி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துவிட்டு வருகிறவள், ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிடுவாள்.

இரண்டாவது தொடக்கம்:

"அவசர நிலை நாட்களில், திருச்சிக்குப் பக்கத்தில் ஆசிரியராக இருந்த என் அண்ணனிடம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் சம்பளம் என்றார்கள். அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி ஐந்து பேரைப் பிடித்தான். ஆறாவது ஆளாக அவனே போய்ப் படுத்துக்கொண்டான். அதே ஆபரேஷனுக்காக இங்கே சிட்னியில் ஒருவர் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி—"

இதையும் விட்டுவிட்டேன். அங்கே பிடித்து இழுத்துப் படுக்க வைக்கிறார்கள், இங்கே கேட்டாலும் கொடுப்பதில்லை. இப்படி இரண்டு கரைகள் கிடைத்தால் எழுதுகிறவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கும் ஊறியது. ஆனால் அண்ணன் அந்த நாளைப் பற்றி எனக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றரை வரிதான் இருந்தது. அந்த ஒன்றரை வரியை எடுத்து வேறு ஒருவர் கதைக்கு வாசல் கோலம் போட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் மேலே படித்தது.

3

கமலினிக்கு இருபத்தேழு வயது, யோகேஸ்வரனுக்கு முப்பது.* இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1975-இல் வந்தார்கள். பிளாக்டவுன் ரயில் நிலையத்தில் நான் வைதேகியைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தபோது யோகேஸ்வரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊரில் தெருவில் தமிழ் காதில் விழுந்தால் விலாசம் வாங்காமல் யாரும் நகர்வதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டில் சாப்பாடு. அதிலிருந்து நாலு வருடமாக ஞாயிறு என்றால் அவர்கள்தான். நான் கிச்சன் என்பேன், அவள் குசினி என்பாள். அவள் கேள்வி கேட்டால் நான் ஆமா என்பேன், நான் கேட்டால் அவள் ஓம் என்பாள். வேறு பெரிய வித்தியாசம் ஒன்றும் எங்களுக்குள் இருப்பதாக நான் நினைக்கவில்லை. (அப்போது நினைக்கவில்லை.)

யோகேஸ்வரன் கட்டட வரைபடம் போடுகிறவர். போன நவம்பரில் அவர் வேலை செய்த இடத்தில் பதினாறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போகவேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு இங்கே இரண்டு வாரம், அங்கே பத்து நாள் என்று ஓடுகிறது. கமலினியின் வேலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிற வேலைதான். ஆறாவது மாதம் நெருங்கும்போது அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இனிச் சொல்வது 1977-இல் நடந்தது. கர்ப்பத்தடை மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலி வந்தால் ஒரு கண் இருட்டிக்கொண்டு வரும். மாத்திரையை நிறுத்து என்று டாக்டர் சொன்னார். வேறு வழி பார்த்தார்கள். அது தவறியது. அந்த ஆகஸ்ட்டில்தான் இலங்கையில் கலவரம் நடந்தது. யோகேஸ்வரனின் அண்ணன் குடும்பம் கொழும்பில் வீட்டை இழந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது என்ற தந்தி வந்த வாரத்தில் கமலினிக்குத் தான் உண்டாகியிருப்பது தெரிந்தது.

இந்த மாநிலத்தில் சட்டப் புத்தகத்தின்படி கருக்கலைப்பு குற்றம். ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு நீதிபதி ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தார். தாயின் உடம்புக்கோ மனத்துக்கோ பெரிய ஆபத்து வரும் என்று டாக்டர் நேர்மையாக நம்பினால் செய்யலாம். ஆகவே, எனக்கு வேண்டாம் என்று சொன்னால் போதாது. வேண்டாம் என்பவள் டாக்டரை நம்ப வைக்கவேண்டும். கமலினி அவர் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பிள்ளை பிறந்தால் தனக்குச் சித்தம் கலங்கிவிடும் என்று சொன்னாள். கமலினியைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வீடு தீப்பற்றினால் முதலில் கேஸை மூடிவிட்டுப் பிறகு கூப்பிடுகிற பெண் அவள்.

"அந்தப் பொய்யைச் சொல்லேக்க வெக்கத்தில அழுதுபோட்டன், அக்கா. நான் மனம் உடைஞ்சு அழுறன் எண்டு அவர் எழுதினார்," என்றாள் என்னிடம்.

அந்தத் தாள் எங்கேயோ ஒரு அலமாரியில் அவள் பேரோடு இருக்கிறது. அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கருவைக் கலைத்ததில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை என்றாள்.

* பேர்களை மாற்றி எழுதச் சொன்னாள். நான் வைத்த பேர் அவளுக்குப் பிடிக்கவில்லை. 'கமலினி' அவளே தேர்ந்தெடுத்தது. யோகேஸ்வரன் தன் பேரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

4

இந்த மார்ச்சில் கான்பரா பாராளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, கருக்கலைப்புக்கு மருத்துவக் காப்புப் பணம் தரக்கூடாது என்று. இரண்டு நாள் விவாதம் நடந்தது. கமலினியும் யோகேஸ்வரனும் அஷ்ஃபீல்டில் தங்கள் ஃபிளாட்டில் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார்களாம். அந்தத் தீர்மானம் நிறைவேறவில்லை. "இந்த முறை," என்றாள் கமலினி.

அடுத்த நாள் காலையில் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தார்களாம். ஆபரேஷன் தனக்குச் செய்தால் சின்ன வேலை, அவளுக்குச் செய்தால் வயிற்றைக் கிழிக்கவேண்டும், ஆகவே தானே செய்துகொள்வதாக யோகேஸ்வரன் சொன்னார்.

இங்கே ஒரு சிக்கலை ஒப்புக்கொள்ளவேண்டும். யோகேஸ்வரன் என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. அதிகம் பேசமாட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து என் பெண்களுக்குக் காகிதத்தில் பாலங்கள் வரைந்து கொடுப்பார். முதல் பிரதியில் அவரை மனைவிக்காகத் தன்னைக் கொடுக்கும் உத்தமராக எழுதினேன். இரண்டாவது பிரதியில், மனைவி சொன்னதற்குத் தலையாட்டுகிறவராக. இரண்டையும் கமலினி அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் ரொம்ப நேரம் சிரித்தாராம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து சொன்னார்:

"என்னைத் தியாகி ஆக்கிப்போடாதேங்கோ. எனக்கும் பிள்ளை வேண்டாம். அவ்வளவுதான்."

காரணம் கேட்டேன். வேலை இல்லை, ஊர் நிலைமை சரியில்லை என்று விரல் மடக்கினார். மூன்றாவது விரலில் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் இல்லாட்டியும் வேண்டாம்," என்றார். அந்தக் கடைசி வரியை எந்தக் கதையில் வைப்பது? படிக்கிற யாரும் அடுத்த பக்கத்தில் காரணம் தேடுவார்கள். நான் தேடினேன்.

டாக்டர்களும் தேடினார்கள். முதல் டாக்டர் தோளில் தட்டி, வேலை கிடைத்ததும் மனசு மாறும் என்று அனுப்பினார். இரண்டாமவர், முப்பது வயதுப் பையனுக்குச் செய்து நாளைக்கு என் மேல் வழக்குப் போட்டால் யார் பார்ப்பது என்றார். மூன்றாமவர் கமலினியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, உன் மனைவி உன்னைக் கட்டாயப்படுத்துகிறாளா என்று யோகேஸ்வரனிடம் ரகசியமாகக் கேட்டார். நாலாவது இடத்தில் வரவேற்புப் பெண்ணே சொல்லிவிட்டாள்: இரண்டு பிள்ளையாவது இருக்கவேண்டும், இல்லாவிட்டால் டாக்டரைப் பார்க்கவே நேரம் தரமாட்டோம். ஐந்தாவது இடத்துக்கு டெலிபோன் செய்தபோதும் அதே கேள்விதான் வந்தது. எத்தனை பிள்ளைகள்?

"ரெண்டு," என்று கமலினி சொல்லிவிட்டாள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பள்ளி விடுமுறைதானே, செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளைகளைத் தரமுடியுமா, டாக்டரிடம் காட்டவேண்டும் என்று. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாசுதேவன் எழுந்து புல் வெட்டப் போனார். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை, வெட்டுவதற்குப் புல்லே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது, "இது எதுல போய் முடியுமோ," என்று மட்டும் சொன்னார்.

நான் சரி என்றேன். உடனே சரி என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. [இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.]

செவ்வாய்க்கிழமை இருவருக்கும் தலை பின்னி, வைதேகிக்குப் பச்சைப் பட்டுப் பாவாடையும் இந்துவுக்கு மஞ்சள் ஃபிராக்கும் போட்டேன். பட்டுப் பாவாடை எதற்கு என்று கமலினி கேட்டாள். டாக்டர் வீட்டுக்குப் போகிறார்களே என்றேன்.

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினோம். இன்றைக்கு ஒரு விளையாட்டு, டாக்டர் முன்னால் இவர்களை அம்மா, அப்பா என்று கூப்பிடவேண்டும். இந்துவுக்கு நாலு வயது. எதற்கும் சரி என்பாள். வைதேகிக்கு ஆறு. அப்பா என்றால் அப்பா மட்டும்தான், அப்பா ஆஃபீஸில் இருக்கிறார், நாம் ஏன் பொய் சொல்கிறோம் என்று அடுக்கினாள். கடைசியில், கூப்பிடாமலே இருப்பது என்று உடன்பாடு ஆயிற்று.

6

அந்த அறையில் நான் இல்லை. கமலினி சொன்னது, யோகேஸ்வரன் சொன்னது, வைதேகி சொன்னது ஆகிய மூன்றையும் தைத்து இந்தப் பகுதியை எழுதுகிறேன். வைதேகியின் சாட்சியத்தில் பாதிக்கு மேல் டாக்டர் மேசையில் இருந்த ஜெல்லி மிட்டாய் பாட்டிலைப் பற்றியது.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர், பெரிய கைகள், நல்ல மனிதர் என்று மூவருமே சொன்னார்கள். பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பட்டுப் பாவாடையின் ஜரிகையைத் தொட்டுப் பார்த்தார். வைதேகி நேராகப் போய்க் கமலினியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இறங்கவே இல்லை. (கமலினிக்குக் கொஞ்சம் வேர்த்தது. மடியில் கனம். பட்டு வேறு வழுக்கியது.)

டாக்டர் ஃபைலைத் திறந்தார். இரண்டும் பெண் குழந்தைகளா என்றார். ஆமாம் என்றார்கள். அவர் பேனாவை மூடி வைத்தார். உங்கள் நாட்டு மக்களை எனக்குத் தெரியும், என்னிடம் இந்தியர்கள் வருகிறார்கள், ஆண் பிள்ளை இல்லாமல் விடமாட்டீர்கள், இன்னும் ஒன்று பாருங்கள், பிறகு வாருங்கள் என்றார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

இரவல் வாங்கும்போது அதை யாரும் யோசிக்கவில்லை. பாஸ்கர் என்று பக்கத்துத் தெருவில் ஒரு பொடியன் இருக்கிறானே, அவனையும் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்று தனக்கு அந்த நேரத்தில் தோன்றியதாக யோகேஸ்வரன் சொன்னார். அவர் பேசி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான்.

அப்போது இந்துவுக்குச் சலித்துவிட்டது. மிட்டாய் தின்று முடித்துவிட்டாள். யோகேஸ்வரனின் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டாள்: "அங்கிள், எங்க வீட்டுக்கு எப்ப போறோம்?"

பாருங்கள், தவறு இந்துவுடையது இல்லை. இந்த ஊருக்கு வந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்தது. சித்தப்பா என்றோ மாமா என்றோ சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த டாக்டர் அதுதான் எங்கள் பாஷையில் அப்பா போலிருக்கிறது என்று தலையாட்டியிருப்பார். உறவு இல்லாதவர்களை உறவாக்கிக்கொள்ள நாங்கள் போயும் போயும் அவருடைய பாஷையிலிருந்தே ஒரு வார்த்தையை எடுத்தோம்.

டாக்டர் இந்துவைப் பார்த்தார், யோகேஸ்வரனைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த வைதேகியிடம் உன் அம்மா பேர் என்ன என்று கேட்டார். வைதேகிக்கு நேரான கேள்விக்கு நேரான பதில்தான் தெரியும். "பத்மா," என்றாள்.

7

அவர் எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. போகலாம் என்று கதவைக் காட்டினார். கதைக்கு இங்கே ஒரு நல்ல முடிச்சு விழுகிறது. யோகேஸ்வரன் தலைகுனிந்து எழுந்தார் என்றும் எழுதலாம். அவர் எழுந்தது உண்மை. தலை குனியவில்லையாம்.

கமலினி எழவில்லை. வைதேகியை மடியிலிருந்து இறக்கிக் கீழே நிறுத்தினாள். பிறகு டாக்டரிடம் பேசினாள். ஆங்கிலத்தில் பேசியதை எனக்குத் தன் தமிழில் சொன்னாள், நான் அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னம், எனக்கு விசர் பிடிக்கும் எண்டு சொன்னாத்தான் செய்வினம் எண்டவை. சொன்னனான். இப்ப ரெண்டு பிள்ளை இருக்கெண்டு சொன்னாத்தான் செய்வினம் எண்டினம். அதையும் சொன்னனான். என்னில இல்லாத ஒண்டைச் சொன்னாத்தான் நான் கேக்கிறது கிடைக்குது. இனிச் சொல்லமாட்டன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்குப் பிள்ளை வேண்டாம். நீங்கள் செய்யாட்டி ஆறாவது ஆளிட்டப் போவம்."

டாக்டர் கதவைக் காட்டிய கையை இறக்கினாராம். பிறகு உட்கார்ந்தார். வருத்தப்படுவீர்கள் என்றார். படலாம் என்றாள் அவள். அடுத்த வருடம் வேலை கிடைத்தால் என்றார். கிடைத்தால் வேலைக்குப் போவேன் என்றார் யோகேஸ்வரன்.

ஆறு வாரம் கழித்து வாருங்கள், இந்த நாடகம் இல்லாமல் வாருங்கள், அப்போதும் இதையே சொன்னால் யோசிக்கிறேன் என்றார் டாக்டர். போகும்போது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். பள்ளி விடுமுறைக் கூட்டம் நிறைந்த ரயிலில் நால்வரும் நின்றுகொண்டே வந்தார்கள். சாக்ஸ் போனது அந்தக் கூட்டத்தில்தான்.

8

இனி முடிவு. ஆறு வாரம் இன்னும் முடியவில்லை. ஆகவே எனக்குக் கையில் நிறைய இடம் இருந்தது. மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) பதினைந்து வருடம் கழித்து ஒரு பூங்கா. கமலினி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். காலியான ஊஞ்சல் ஒன்று காற்றில் ஆடுகிறது. அவள் எழுந்து போய் அதைப் பிடித்து நிறுத்துகிறாள்.

(ஆ) ஆபரேஷன் முடிந்து யோகேஸ்வரன் வீட்டுக்கு வருகிறார். தபால் பெட்டியில் ஒரு கடிதம். நிரந்தர வேலை, நல்ல சம்பளம். அவர் கடிதத்தை மடித்து—

(இ) ஊரிலிருந்து ஒரு தந்தி. கலவரத்தில் அனாதையான ஒரு குழந்தை. அவர்கள் இருவரும் விமான நிலையத்தில் காத்திருக்கிறார்கள். வாசல் கதவு திறக்கிறது.

மூன்றையும் எழுதி முடித்தபோது நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். மூன்றாவதை எழுதும்போது அழுதேன் என்பதையும் சொல்லவேண்டும். வாசுதேவனிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் மூன்றாவதுதான் பிடித்தது.

9

நேற்று ஞாயிறு. நான் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கமலினி உள்ளே வந்திருக்கிறாள், நோட்டு மேசையில் திறந்து கிடந்திருக்கிறது. அவள் கதை என்று தெரிந்ததும் உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்கிறாள். நான் துணிக்கூடையோடு உள்ளே வந்தபோது அவள் (இ)-யில் இருந்தாள்.

எதிரில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? அவள் பக்கத்தைத் திருப்புகிற சத்தம் கேட்டது. படித்து முடித்து, நோட்டை மூடாமலே சொன்னாள்:

"எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள், அக்கா. வைதேகிக்கு நீங்கள் என்ன சொல்லிக் குடுத்தனீங்கள் எண்டதை மட்டும் எழுதேல்லை."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரயிலில் வைதேகி கேட்டாளாம்: ஆன்ட்டி, அம்மா சொன்ன மாதிரியே உங்க மடியில உக்காந்தேனா, கரெக்ட்டா செஞ்சேனா என்று. அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஐந்து ஞாயிற்றுக்கிழமை வந்து என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள்.

10

ஐந்தாம் பகுதியில் அடித்த பத்தியை இப்போது எழுதுகிறேன்.

நான் பிள்ளைகளைக் கொடுத்தது உதவி செய்வதற்காக இல்லை. கமலினி கேட்ட அந்த நிமிஷத்திலேயே எனக்கு ஒரு திட்டம் தோன்றிவிட்டது. இரண்டு மணி நேரம் என் பெண்களோடு இருந்தால், மடியில் ஒரு குழந்தையின் சூடு பட்டால், அவள் மனம் மாறிவிடும் என்று நம்பினேன். பட்டுப் பாவாடை அதற்காக. செவ்வாய்க்கிழமை காலை வைதேகியைத் தனியாக அழைத்து, ஆன்ட்டி மடியில் போய் உட்கார், கழுத்தைக் கட்டிக்கொள், இறங்காதே என்று சொன்னதும் அதற்காகத்தான். பிள்ளையைக் காட்டி ஏமாற்றப் போனவர்கள் அவர்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் உங்களை நினைக்க வைத்தேன்.

ஏன் செய்தேன்? ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு என் பெண்கள் என்றால் உயிர். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளை வேண்டுமா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இவள் என் கிச்சனில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி வேண்டாம் என்கிறாள், கண்ணில் வெங்காயத் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவள் மாறிவிட்டால் இந்த இரண்டும் போய்விடும் என்று தோன்றியது. மடியில் பிள்ளையை உட்காரவைத்தும் மாறாதவளை, பூங்காவிலும் விமான நிலையத்திலும் வைத்து மாற்றப் பார்த்தேன். அதைத்தான் நான் கதை என்று நினைத்து அழுதேன்.

இதையெல்லாம் நேற்று அவளிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்றுதான் சொன்னேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். டாக்டர் போன வாரம் தபாலில் அனுப்பியது. அவருடைய சொந்த ஏற்பாடு: இந்தத் தம்பதியை மூன்று வருடத்துக்கு மேல் தெரிந்த, தானும் பிள்ளை பெற்ற ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். இவர்கள் யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன், என்பது வாசகம். யோகேஸ்வரனும் அவளும் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். மூன்றாவது கோடு காலியாக இருந்தது. வரும் வியாழக்கிழமைக்கு டாக்டர் நேரம் கொடுத்திருந்தார், அதற்குள் ஆறு வாரம் முடிந்துவிடும்.

"இஞ்ச எங்களை மூண்டு வருஷமாத் தெரிஞ்ச ஆள், பிள்ளை பெத்த ஆள், நீங்கள்தான்," என்றாள். "விருப்பமில்லாட்டிப் போடவேண்டாம். போடுறதெண்டா நம்பிப் போடுங்கோ."

"நாளைக்கு நீங்க வருத்தப்பட்டா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான், இதே கேள்வியை டாக்டர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் என்பது உறைத்தது.

"வருத்தப்பட்டா நாங்கள் படுவம், அக்கா. அதுவும் எங்கடதான்."

உள்ளறையில் வைதேகியும் இந்துவும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரன் சமாதானம் பேசுகிற குரல் கேட்டது. நான் அந்த வாசகத்தை இரண்டு தடவை படித்தேன். நம்புகிறேனா என்று என்னைக் கேட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு பேனாவை எடுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் போலக் கோணலாகத்தான் விழுந்தது.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாதம் வடிக்க உதவி செய்யப் போனாள்.

கதைக்கு முடிவு எழுதவில்லை. வியாழக்கிழமை வந்ததும் எனக்குத் தெரிந்துவிடும், ஆனாலும் சொல்லப்போவதில்லை. பதினைந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. (அ), (ஆ), (இ) மூன்றையும் நோட்டில் விட்டு வைத்திருக்கிறேன். நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு அவை இருக்கட்டும்.

முடிவு இல்லாத கதை திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு முடிவு வேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஊஞ்சலும் வரலாம், குழந்தையும் வரலாம், நான் தடுக்கமுடியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுதியதை எடுத்துக்கொண்டு அஷ்ஃபீல்டுக்குப் போங்கள். கமலினி கையில் கொடுங்கள். அவள் படித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருங்கள்.